பந்துலுவுக்கு ஒரு விழா வேண்டாமா?

2025 ஆகஸ்டில் பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நடந்துபோனவர்களுக்கு இது விழாக் காலம் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. 1975 ஆகஸ்டில் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு வீட்டின் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு திரைக்குள் நுழைந்த ரஜினிகாந்துக்கு அது ஐம்பதாவது ஆண்டு. அதே வாரத்தில் 'கூலி' என்ற பெயரில் அவருடைய படமும் வெளியாயிற்று. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, மெட்ராஸுக்குப் போய்ப் பெரிய மனிதர் ஆனவர். அவருக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் விழா எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. கண்டக்டராக இருந்தவர் ஜெயித்தார் என்பதில் மூட்டை தூக்குகிறவருக்கும் பைல் தூக்குகிறவருக்கும் ஒரு தெம்பு உண்டு.

ஆனால் சினிமாவுக்கு ஆண்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் நடிகர் முகத்தோடு நின்றுவிடுகிறார்கள். கட்-அவுட்டில் நிறுத்த ஒரு முகம், அதன்மேல் ஊற்ற ஒரு குடம் பால், அடித்தட்டில் மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர் படங்கள். அதற்குமேல் பேனரில் இடமில்லை. படத்தை எடுத்தவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன பாடுபட்டார் என்பது அந்தத் துணியில் ஏறுவதே இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? பெங்களூர்த் தமிழர்களுக்குத்தான் முதல் நஷ்டம்.

சிட்டி மார்க்கெட் பக்கத்து டீக்கடை எதிலும் கேட்கக்கூடிய வாக்குவாதம் ஒன்று உண்டு. தமிழ்த் தொழிலாளி ஒருவர், "எங்க கட்டபொம்மன் மாதிரி ஒரு படம் உங்க ஆளுங்க எடுத்திருக்காங்களா?" என்று சவால் விடுவார். கன்னடத்து நண்பர் சும்மா இருப்பாரா? "ஸ்கூல் மாஸ்டர் பார்த்திருக்கியா குரு? அதுக்கு முன்னாடி உங்க படமெல்லாம் நிக்குமா?" என்பார். டீ ஆறிப்போகும்வரை இது நடக்கும். இரண்டு படத்தையும் டைரக்ட் செய்தவர் ஒரே ஆள் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது.

அவர்தான் பி.ஆர்.பந்துலு. பெங்களூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோலார் மாவட்டத்துப் புதகூர் என்ற கிராமத்தில் 1910 ஜூலை 26-ல் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து வந்து 1936-ல் 'சம்சார நௌகா' என்ற கன்னடப் படத்தில் நடித்தவர். பிறகு பத்மினி பிக்சர்ஸ் என்ற கம்பெனியின் முதலாளி, டைரக்டர். இறந்தது 1974 அக்டோபர் 8-ல். அவர் கடைசியாக எடுத்துக்கொண்டிருந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய'னை எம்.ஜி.ஆர். தாமே டைரக்ட் செய்து முடித்தார். படம் 1978-ல் வெளிவந்தது. பந்துலு பிறந்த நூற்றாண்டு 2010-ல் வந்தது. மறைந்த ஐம்பதாம் ஆண்டு 2024-ல் வந்தது. பால் குடங்கள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன.

சம்பளத்தை எண்ணி வாழ்கிறவர்கள் இவரை நினைத்துப் பார்க்கத் தனியாக ஒரு காரணம் உண்டு. 1955-ல் இவர் தயாரித்த படத்தின் பெயரே 'முதல் தேதி'. சிவாஜி கணேசன் நடித்தார். பி.நீலகண்டன் டைரக்ட் செய்தார். வங்கி குமாஸ்தா ஒருவர் வேலை போய்க் குடும்பத்தோடு தத்தளிக்கிற கதை. ஒன்றாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஒரு குடும்பஸ்தன் படும் பாட்டைக் கலைவாணர் பாடிக் காட்டினார். அந்தப் படம் கன்னடத்திலும் 'மொதல தேதி' என்ற பெயரில் அதே ஆண்டு வந்தது. மளிகைக் கடன் தமிழில் ஒரு மாதிரி, கன்னடத்தில் ஒரு மாதிரி இருப்பதில்லை என்று பந்துலு கண்டிருக்க வேண்டும். மெஜஸ்டிக்கில் முதல் தேதி மாலை பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும்.

இரு மொழியில் ஒரே கையோடு படம் எடுப்பது அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கம். ஒரே செட், ஒரே விளக்கு. ஒரு காட்சியை ஒரு மொழியில் முடித்து, நடிகர்களை மாற்றி அல்லது வசனத்தை மாற்றி அடுத்த மொழியில் எடுப்பார்கள். செட் போட்ட செலவு இரண்டு படத்துக்கும் பங்காகும். கன்னடப் படத்துக்கு அன்று வசூல் பரப்புக் குறைவு. தமிழ்ப் படத்தின் தோளில் ஏறி அது கரை சேர்ந்ததும் உண்டு. பந்துலு முதன் முதலாக டைரக்ட் செய்த 1957-ஆம் ஆண்டுப் படமே இப்படித்தான் வந்தது. தமிழில் சிவாஜி நடித்த 'தங்கமலை ரகசியம்', கன்னடத்தில் உதயகுமார் நடித்த 'ரத்தினகிரி ரகசிய'. இரண்டுக்கும் இசை டி.ஜி.லிங்கப்பா. சுசீலா பாடிய ஒரு காதல் பாட்டின் மெட்டு இரண்டிலும் ஒன்றே. தமிழர் வீட்டுத் தாத்தாவும் பக்கத்து வீட்டுக் கன்னடத்துத் தாத்தாவும் அந்த மெட்டைத் தங்கள் பாட்டு என்றே முணுமுணுத்தார்கள். இருவர் சொல்வதும் சரிதான்.

டீக்கடையில் கன்னட நண்பர் தூக்கிப் பிடிக்கிற 'ஸ்கூல் மாஸ்டர்' 1958-ல் வந்தது. பந்துலுவே வாத்தியாராக நடித்தார். அவர் மனைவியாக எம்.வி.ராஜம்மா. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய கிழவனையும் கிழவியையும் அந்தப் பிள்ளைகளே ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைக்கும் கதை. அதில் ஒரு சிறு வேடத்தில் வந்து போகிறவர் சிவாஜி கணேசன்! அதே கதை அதே ஆண்டில் தமிழில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்று வந்தது. தமிழரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ்த் தொழிலாளி தூக்கிப் பிடிக்கிற 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959 மே 16-ல் வெளிவந்தது. கேவா கலரில் பிடித்து, லண்டனில் டெக்னிக் கலராகப் பிரதி எடுத்த படம். போர்க் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரை போனார்கள். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி சிறந்த நடிகர் பரிசு பெற்றது இந்தப் படத்துக்காக. 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய ஒரு பாளையக்காரரைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் அறிமுகம் செய்து வைத்தவர் கோலார் மாவட்டத்துக்காரர்.

இவற்றையெல்லாம் விட 1961-ஆம் ஆண்டுதான் முக்கியம். அந்த ஒரே ஆண்டில் பந்துலு இரண்டு படம் கொடுத்தார். ஒன்று 'கப்பலோட்டிய தமிழன்'. நவம்பர் 7, தீபாவளியன்று வெளிவந்தது. ம.பொ.சிவஞானம் எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து எடுத்த படம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908-ல் தண்டனை பெற்று, செக்கிழுத்து, 1912-ல் வெளியே வந்தபோது வரவேற்க ஆளில்லாமல் நின்ற ஒரு வக்கீலின் கதை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் திரையில் வந்ததும் அதில்தான். மில் தொழிலாளர் நிறைந்த பெங்களூரில் அதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சரித்திரமாக இருந்திருக்காது.

மற்றொன்று கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'. வெள்ளைக்காரனுக்குக் கப்பம் மறுத்து 1824-ல் வாளெடுத்த ராணியின் கதை. சென்னம்மாவாக நடித்தவர் பெங்களூரில் பிறந்த பி.சரோஜாதேவி. தமிழர்கள் 'நாடோடி மன்ன'னில் பார்த்துச் சொந்தம் கொண்டாடியவர். 2025 ஜூலை 14-ல் தம் 87-ஆம் வயதில் பெங்களூரிலேயே காலமானவர். இரண்டு படங்களுக்கும் தேசிய விருது கிடைத்தது. 'கப்பலோட்டிய தமிழன்' வசூலில் தோற்றது. பந்துலுவுக்குக் கை கடித்தது. வரி விலக்கு வந்ததெல்லாம் காலம் கடந்த பிறகு. உயிரோடு இருந்தபோது வ.உ.சி.க்கு நடந்ததுதான் அவர் படத்துக்கும் நடந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இப்போது வ.உ.சி. பெயர். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்குச் சங்கொள்ளி ராயண்ணா பெயர். அந்த ராயண்ணா யார்? சென்னம்மாவின் தளபதி, 1831-ல் தூக்கிலிடப்பட்டவர். ஜோலார்ப்பேட்டை வழியாகத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கும் தமிழ்ப் பையன் முதலில் கால் வைப்பது அவர் பெயர் தாங்கிய பிளாட்பாரத்தில். அங்கிருந்து வடக்கே போகும் வண்டி ஒன்றுக்கு ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்த ராணியையும் கட்டபொம்மனையும் ஒரே மனிதர், ஒரே கம்பெனி, ஏறத்தாழ ஒரே சமயத்தில் திரையில் நிறுத்தினார்கள் என்று அந்தப் பையனுக்கு எடுத்துச் சொல்ல இங்கே ஒரு மேடை இல்லை.

பந்துலு கதை அதோடு முடியவில்லை. 1964 பொங்கலுக்கு 'கர்ணன்'. அதே ஆண்டு கன்னடத்தில் 'சின்னத கொம்பெ'. அதில்தான் ஜெயலலிதா முதன் முதலாகக் கதாநாயகி ஆனார். மேல்கோட்டையில் பிறந்து, பெங்களூரில் பள்ளிக்கூடம் போன பெண் அவர். மறு ஆண்டு ஜூலையில் 'ஆயிரத்தில் ஒருவன்'. எம்.ஜி.ஆரோடு ஜெயலலிதா சேர்ந்த முதல் படம். பிற்காலத்தில் கோட்டையில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த இருவரையும் ஒரே கப்பலில் ஏற்றியவர் பந்துலு! அந்தக் கப்பல் காட்சிகள் எடுக்கப்பட்டதும் கர்நாடகத்துக் கார்வார் கடலில்தான். 'எங்க வாத்தியார் படம்' என்று நெஞ்சைத் தட்டுகிற ரசிகர் இதையும் சேர்த்துத் தட்டலாம்.

1970-ல் 'ஸ்ரீகிருஷ்ணதேவராய' கன்னடத்தில் வந்தது. ராஜ்குமார் ராயர், பந்துலு மந்திரி திம்மரசு. ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிவாஜி, எம்.ஜி.ஆர்., ராஜ்குமார் மூவரையும் வைத்துப் பெரிய சரித்திரப் படம் எடுத்தவர் வேறு யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ரஜினி மன்றத்தாரும் இவரைத் தள்ளிவிட முடியாது. பந்துலுவிடம் உதவியாளராகத் தொழில் கற்றவர் புட்டண்ணா கணகால். 'அபூர்வ ராகங்கள்' வந்த சில மாதங்களில், 1976-ல், ரஜினிகாந்தின் முதல் கன்னடப் படமான 'கதா சங்கம' வெளிவந்தது. அதை டைரக்ட் செய்தவர் அதே புட்டண்ணா.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பழைய படக் கதை வயிற்றுக்குச் சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு மணி நேரம் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு 1961-ல் யார் என்ன படம் எடுத்தார் என்பது அவசரமில்லை. ஆனால் அதே மனிதர்தான் கட்-அவுட்டுக்கு ஐநூறு ரூபாய் எழுதுகிறார். முதல் காட்சி டிக்கெட்டுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்கிறார். சினிமாவுக்குச் செலவழிப்பது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் செலவில் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

பெங்களூரில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும்; எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிறார்கள். அது நல்லதுதான், இருக்கும் ஊரின் பாஷை தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது? ஆனால் வகுப்பில் இன்னொரு பையன் "நீங்கள்லாம் வெளியூர்" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை. வீட்டில் அப்பாவிடமும் பதில் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தது நடிகர் பிறந்த நாள் மட்டும்.

1991 டிசம்பரில் காவிரியை வைத்துக் கலவரம் வெடித்தபோது குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கைக்குழந்தையோடு எல்லையைத் தாண்டி ஓடினார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. அப்போதெல்லாம் தமிழ்ப் படம் ஓடும் கொட்டகைகளில்தான் முதலில் போஸ்டர் கிழியும், ஷட்டர் இறங்கும். 2025 ஜூனில் கலவரம் எதுவும் இல்லாமலே கமல்ஹாசனின் 'தக் லைப்' படம் கர்நாடகத்தில் திரைக்கு வரவில்லை. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று அவர் மேடையில் சொன்னதுதான் காரணம். விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எந்த மொழி எதற்குத் தாய் என்று பட்டிமன்றம் நடத்த மெட்ராஸில் இருப்பவர்களுக்குச் சௌகரியம் உண்டு. அதன் பலனை மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அனுபவிப்பவர் பெங்களூரில் இருக்கிறார்.

ஒரு பட விழா நடத்திவிட்டால் கலவரம் நின்றுவிடும் என்று எவரும் சொல்லப்போவதில்லை. தீ வைக்க வருகிறவன் பந்துலு பெயரைக் கேட்டுத் திரும்பிப் போகமாட்டான். அதற்குப் போலீசும் அரசாங்கமும் இருக்கின்றன. ஆனால் கலவரம் இல்லாத நாட்கள்தானே அதிகம்? அந்த நாட்களில் பக்கத்து வீட்டாரோடு பேச ஏதேனும் ஒன்று வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் துணியால் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் திறந்தபோது, சென்னையில் சர்வக்ஞர் சிலையும் சில நாளில் திறக்கப்பட்டது. அது இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசிச் செய்த காரியம். பந்துலு விழாவுக்கு எந்த முதலமைச்சரும் வேண்டியதில்லை.

பழைய படத்தை யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகமும் வேண்டாம். 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடிற்று. 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-ல் மீண்டும் வந்து வெள்ளி விழாக் கண்டது. புதுப் படங்கள் இரண்டாம் வாரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற காலத்தில்!

பார்க்க முடியாமல் போன படங்களும் உண்டு. 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட இல்லை. பெங்களூரில் 1934 மார்ச் 3-ல் வெளியான முதல் கன்னடப் பேசும் படம் 'சதி சுலோசனா'வும் இல்லை. அந்த மார்ச் 3-ஐக் கன்னடத்தார் சினிமா நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதை டைரக்ட் செய்த ஒய்.வி.ராவ்தான் பிறகு தியாகராஜ பாகவதரை வைத்துத் தமிழில் 'சிந்தாமணி' எடுத்தவர் என்பது வேறு விஷயம். நாள் இருக்கிறது, படம் இல்லை. பந்துலு விஷயத்தில் படங்கள் இருக்கின்றன, நாள்தான் இல்லை.

1961-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டுக்கும் 2026-ல் 65 ஆண்டு. அதற்கு நவம்பர் 7-ஐ வைத்துக்கொண்டால் தீபாவளி நெருக்கடி. பாதித் தமிழர்கள் சேலம் பஸ்ஸிலோ காட்பாடி ரயிலிலோ இருப்பார்கள். ஆகவே பந்துலு பிறந்த ஜூலை 26-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையே தோது. காலையில் 'கித்தூர் சென்னம்மா', மாலையில் 'கப்பலோட்டிய தமிழன்'. கன்னடப் படம் முதலில் ஓடட்டும். இது அவர்கள் ஊர். நடுவில் சாப்பாடு, இரண்டு மொழியிலும் பேச ஆளுக்கு ஒருவர், அவருக்கும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் கூடாது. அரசியல் பிரமுகர் மேடையேறினால் கூட்டம் கலைந்துவிடும் என்பதை அமைப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதைத் தமிழ்ச் சங்கம் செய்யலாம். அதற்கு நேரமில்லை என்றால் தொழிற்சங்கம் செய்யலாம், ஒரு பேட்டை ரசிகர் மன்றமே செய்யலாம். மன்றத்தாரிடம் ஆள் பலம் உண்டு, வசூல் செய்யத் தெரியும், போஸ்டர் ஒட்டத் தெரியும். நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். மேலே பந்துலு படம். சிவாஜியும் சரோஜாதேவியும் அதற்குக் கீழே. கோலார் தங்கவயலுக்கும் நூறு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2001-ல் சுரங்கம் மூடியதிலிருந்து அங்கிருந்து தினம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஏராளம். பந்துலு அவர்களுக்குச் சொந்த மாவட்டத்துக்காரர். மாரிக்குப்பம் வண்டியில் ஒரு பெட்டிக்கு நாலு ஒட்டினால் போதும், ஊர் முழுக்கச் சேதி போய்விடும்.